பனிக்கடலில் கேஜ் பார்ப்பது

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மோட்டார் கொட்டகைக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். தம்பி மகளுக்குச் சடங்கு. வீடு, திண்ணை, கொட்டகை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடித்து முடித்துவிட்டார்கள். பளிச்சென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேற்குச் சுவரில் 2018 நவம்பர் 16-லிருந்து இருந்த அந்தக் கோட்டைக் காணோம். கஜா புயல் வந்த இரவில் கடல் தண்ணீர் கொட்டகைக்குள் நின்று, சேற்றை ஒட்டவைத்துவிட்டு வடிந்தபோது விட்டுப்போன கோடு. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பழுப்பு நிறத்தில், அளவு வைத்து இழுத்தது போல நேராக இருக்கும். அதைக் கேட்டதும் தம்பி, "அழுக்குதானேண்ணே, சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கச் சொல்லிட்டேன்" என்றான். அவன்மேல் தப்பில்லை, அது என்ன என்று நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி. கடைமடைக்கும் கடைமடை. காவிரித் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போது பாதி நாள் வாய்க்காலில் ஈரம் மட்டும்தான் இருக்கும், ஆனால் மேலே எங்கே மழை பெய்தாலும் வடிகிற வெள்ளம் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போகும். பெரியப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தார். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிற ரெகுலேட்டரில் ஷட்டரை ஏற்றி இறக்குவதும், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கேஜ், அதாவது தண்ணீர் மட்டம் காட்டும் அளவுப் பலகை, பார்த்து நோட்டில் எழுதுவதும் அவர் வேலை. ஆற்றுப்பக்கம் ஒரு கேஜ், கடல்பக்கம் ஒரு கேஜ். கடல்பக்கம் ஏறினால் ஷட்டரை இறக்க வேண்டும், இல்லையென்றால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்து நடவு வயலைக் கெடுத்துவிடும். சின்ன வயதில் அவர்கூடப் போய் நானும் எட்டிப் பார்ப்பேன். காற்றடித்தால் தண்ணீர் கேஜில் நான்கு விரல் மேலேயும் கீழேயும் ஆடும். "அலையைப் படிக்காதடா, மட்டத்தைப் படி" என்பார். அலை ஆடி அடங்கும் நடுவைக் கண்ணாலேயே பிடிக்க வேண்டும். கடல்மட்டம் அளக்கிற எல்லாக் கருவிகளும் செய்ய முயல்வது இந்த ஒரு காரியத்தைத்தான் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

கஜா இரவில் கடல்பக்கத்துக் கேஜ் பலகை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பெரியப்பாவின் நோட்டில் 15-ஆம் தேதி மாலைக்கு ஓர் எண் இருக்கிறது. 16-ஆம் தேதிக்கு எதிரே வெறும் கோடு. எந்த நாளின் அளவு நமக்கு ரொம்ப வேண்டுமோ அந்த நாளில்தான் அளக்கிற பொருள் இல்லாமல் போகிறது. அந்தக் காலியிடம் என்னை விடவே இல்லை. அதிலிருந்துதான் கடல்மட்டத்தை எங்கெங்கே எப்படி அளக்கிறார்கள் என்று தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன், படிக்கப் படிக்க வடதுருவத்துக்கும் அண்டார்டிகாவுக்கும் போய்ச் சேர்ந்தேன். அங்கே வருஷம் முழுக்கவே கஜா இரவு மாதிரிதான், கேஜ் நட்ட இடத்தில் நிற்பதே பெரிய விஷயம்.

நம்ம ஊர்த் துறைமுகங்களில் பழைய முறை என்னவென்றால், கரையில் ஒரு குழாயையோ கிணற்றையோ இறக்கி, அடியில் சின்னத் துளை வழியாக மட்டும் கடல்நீரை உள்ளே விடுவார்கள். அலையின் ஆட்டம் உள்ளே வராது, ஓதம் மட்டும், அதாவது சந்திரனும் சூரியனும் இழுப்பதால் கடல் ஏறி வற்றுவது மட்டும், மெதுவாக ஏறி இறங்கும். உள்ளே ஒரு மிதவை, அதோடு சேர்ந்த பேனா காகிதத்தில் வரையும். பெரியப்பா கண்ணால் செய்ததை இந்தக் கிணறு செய்கிறது. இதைத் துருவத்தில் வைத்தால் முதல் குளிரிலேயே கிணற்றுக்குள் ஐஸ் பிடித்து மிதவை சிக்கிக்கொள்ளும். அதற்காகக் கிணற்றின் மேல்மட்டத்தில் எண்ணெய் ஊற்றி வைக்கிற வழக்கம் இருந்தது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது என்பதால் குழாய்க்குள் மட்டம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். அதையும் மீறி இன்னொரு தொல்லை இருக்கிறது. கடலின் மேல் உறைந்த ஐஸ், நட்டுவைத்த கம்பத்தையோ குழாயையோ இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓதம் ஏறும்போது ஐஸும் ஏறும், பிடித்ததையும் சேர்த்துத் தூக்கும். முளைக்குச்சியை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவது போல, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துக் கடைசியில் பிடுங்கியே போட்டுவிடும்.

அதனால் மேலே வைப்பதை விட்டுவிட்டு அடியில் வைத்தார்கள். கடலடியில் அழுத்தமானியை இறக்கிவிட்டால் தன் தலைமேல் எவ்வளவு எடை நிற்கிறது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். மேலே ஐஸ் மிதந்தாலும் பரவாயில்லை. மிதக்கிற பொருள் தன் எடை அளவுக்குத் தண்ணீரை ஒதுக்கித்தான் மிதக்கிறது, ஆகவே அடியில் இருப்பவனுக்கு ஐஸும் ஒன்றுதான், அதே எடைத் தண்ணீரும் ஒன்றுதான். எனக்கு இதைப் படித்தபோது ஒரு சந்தோஷம் வந்தது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஆர்க்கிமிடிஸ் அங்கே போய் வேலை செய்துகொண்டிருக்கிறாரே என்று. ஆனால் அந்த எடையில் தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றின் எடையும் சேர்ந்திருக்கிறது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். புயலின் நடுவே முப்பது நாற்பது குறைந்தால் காற்று தள்ளாமலேயே கடல் ஒரு முழம் எழும்பும். கடலடிக் கருவிக்கோ காற்று இழந்த எடையும் தண்ணீர் சேர்த்த எடையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், இந்த ஒரு முழம் அதன் கண்ணுக்கே படாது. ஆகவே கரையில் ஒரு காற்றழுத்தமானியைத் தனியாக வைத்து, அதன் கணக்கைக் கழித்தால்தான் உண்மையான மட்டம் கிடைக்கும். புயல் நாளில் இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் பாதிக் கதைதான் மிஞ்சும்.

சரி, அடியில் வைத்தால் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. பெரிய பனிப்பாறைகளின் அடிப்பாகம் கடல்தரையை உழுதுகொண்டே போகும், கருவி கிடந்தால் அதையும் சேர்த்து. கரைக்கு வரும் கேபிளை ஐஸ் நசுக்கும். கேபிள் இல்லாமல் விட்டுவிட்டு, ஒரு வருஷம் கழித்து வந்து ஒலி சமிக்ஞை கொடுத்து எடையைக் கழற்றி மிதக்கவைத்து எடுக்கலாம் என்றால், மிதந்து மேலே வரும்போது அங்கே ஐஸ் மூடியிருந்தால் அதன் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் தாண்டி அண்டார்டிகாவில் ஓர் இடத்தில் 1958-லிருந்து கடல்மட்டப் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, அர்ஜென்டைன் தீவுகளில். பிரிட்டன் அங்கே ஃபாரடே நிலையம் என்று நடத்தியது, 1996-ல் உக்ரைனுக்குக் கைமாறி வெர்னாட்ஸ்கி நிலையம் ஆனது. அண்டார்டிகாவிலேயே மிக நீண்ட பதிவு அதுதான். நிலையத்தின் பெயர் மாறியது, கொடி மாறியது, பேசுகிற மொழி மாறியது, பதிவு மட்டும் தொடர்ந்தது. பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகு அந்த ரெகுலேட்டரின் நோட்டு என்ன ஆனது என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அண்டார்டிகாவைச் சுற்றி நிலத்திலிருந்து வழிந்து கடல்மேல் மிதந்து நிற்கும் ஐஸ் தட்டுகள் உண்டு, சில நூறு மீட்டர் தடிமன். மிதப்பதால் ஓதத்தோடு அதுவும் ஏறி இறங்கும். அதன்மேல் ஒரு ஜிபிஎஸ் கருவியை வைத்துவிட்டால் ஐஸ் தட்டே மிதவையாகிவிடும், கிணறும் வேண்டாம், குழாயும் வேண்டாம். அப்படி வைத்துப் பார்த்தபோதுதான் ஓதத்தின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று தெரிந்தது. ராஸ் கடல்பக்கம் வில்லன்ஸ் என்றொரு பனியாறு இருக்கிறது. 2003-ல் வெளியான ஆய்வில் அது எப்படி நகர்கிறது என்று சொன்னார்கள். நாள் முழுக்க அநேகமாக அசையாமல் கிடக்கும், பிறகு அரைமணி நேரத்துக்குள் அரை மீட்டர் அளவு சட்டென்று சறுக்கும், மறுபடி நின்றுவிடும். இப்படி ஒரு நாளைக்கு இரண்டு தடவை. எப்போது சறுக்கும் என்பதை ராஸ் கடலின் ஓதம் தீர்மானிக்கிறது. அங்கே ஓதம் பெரும்பாலும் நாளுக்கு ஒரு ஏற்றம் ஒரு வற்றம்தான், நமக்கு இருப்பது போல இரண்டு இரண்டு இல்லை. பல கிலோமீட்டர் அகலமான ஒரு பனியாறு, சந்திரன் இழுக்கிற ஒரு மீட்டர் தண்ணீருக்குக் கட்டுப்படுகிறது. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

கனடாவின் வடக்கே கங்கிக்சுயுவாக் என்ற ஊரில் இன்யூட் மக்கள் குளிர்காலத்தில் ஓதம் வற்றும் நேரம் பார்த்து ஐஸில் துளை போட்டு உள்ளே இறங்குவார்கள். தண்ணீர் போய்விட்டதால் ஐஸ் கூரை மாதிரி மேலே நிற்கும், கீழே ஈரமான கடல்தரை. அங்கே சிப்பி பொறுக்கிக்கொண்டு அரைமணி போல நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும், தண்ணீர் திரும்பி வந்துவிடும். எந்தக் கருவியும் இல்லாமல் ஓதத்தை இத்தனை துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள். நம்ம கடற்கரைகளில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி என்று திதியை வைத்தே தண்ணீர் எப்படி வரும் என்று சொல்லுகிற பெரியவர்கள் ஞாபகம் வந்தது.

ஓத அளவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை. அமெரிக்கக் கரையோர அளவைத் துறையில் ரோலின் ஹாரிஸ் என்பவர் இருந்தார். வடதுருவக் கடலுக்குள் ஓதம் அட்லாண்டிக் பக்கமிருந்து நுழைகிறது. நடுவே ஆழ்கடல் மட்டும் இருந்தால் அது அலாஸ்காவின் வடகரைக்கு இன்னும் சீக்கிரமாகவும் இன்னும் பெரிதாகவும் வந்து சேர வேண்டும். அங்கிருந்து கிடைத்த கொஞ்ச நஞ்ச அளவுகளோ தாமதமாகவும் ரொம்பச் சின்னதாகவும் வந்தன. எனவே நடுவில் யாரும் பார்க்காத ஒரு பெரிய நிலம் தடுத்துக்கொண்டு இருக்கிறது என்று 1904-ல் எழுதினார். யோசனையில் குறையே இல்லை, அளவுதான் போதவில்லை. பிறகு நார்வே நாட்டுத் துருவப் பயணி அமுண்ட்சென்னின் மாட் கப்பல் 1918-லிருந்து சைபீரியாவுக்கு வடக்கே ஐஸில் சிக்கிச் சிக்கி வருஷக்கணக்கில் கிடந்தது, அதில் இருந்த ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் பொறுமையாக ஓதத்தை அளந்தார். அகலமான ஆழமில்லாத கடல்தரை, பூமியின் சுழற்சி, உராய்வு, இவையே ஓதத்தை அப்படித் தேய்க்கவும் தாமதப்படுத்தவும் போதும் என்று காட்டினார். 1926-ல் நோர்ஜ் வான்கப்பல் துருவத்தைத் தாண்டி அலாஸ்கா வரை பறந்தது, நிலம் எதுவும் தென்படவில்லை.

இப்போது செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் ஓதத்தை அழகாக வரைந்து கொடுத்த டோபெக்ஸ் பொசைடன் கோள் 66 டிகிரி அட்சரேகையைத் தாண்டிப் போனதில்லை. 2010-ல் போன கிரையோசாட்-2 தான் 88 டிகிரி வரை பார்க்கிறது. ஐஸ் மூடிய இடத்தில் அது பாளம் பாளமாக வெடித்த இடைவெளிகளில் தெரியும் தண்ணீரைத் தேடிப் பிடித்துத்தான் கடல்மட்டம் சொல்கிறது. அதற்கு முந்தைய இஆர்எஸ் வகைக் கோள்களில் ஒரு நுணுக்கமான சிக்கல் இருந்தது. ஓர் இடத்தின் மேல் எப்போதும் ஒரே சூரிய நேரத்தில்தான் அவை கடக்கும். பெரியப்பா தினமும் காலை ஆறுக்கு மட்டும் கேஜ் பார்த்தால் என்ன தெரியும்? சந்திரனால் வரும் ஓதம் நாளுக்கு ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப்போவதால் அது மாறி மாறித் தெரியும். சூரியனால் வரும் பங்கு மட்டும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதால், என்றைக்குப் பார்த்தாலும் அதே உயரத்தில் அசையாமல் நிற்கும், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விண்வெளியிலிருந்து பார்த்தாலும் அதே கதைதான். தவிர, கோள் திரும்ப வருவதற்குள் புயல் வந்து போய்விடும்.

இனிதான் எனக்கு முக்கியமான பகுதி. அலாஸ்காவின் வடகோடியில் உட்கியாக்விக், பழைய பெயர் பாரோ. அங்கே ஓதத்தின் ஏற்றவற்றம் ஒரு சாண்கூட வராது. அந்த ஊரில் 1963 அக்டோபரில் புயல் தள்ளிய கடல் மூன்று மீட்டருக்கும் மேலே ஏறியது. 1970 செப்டம்பரில் அதற்குக் கிழக்கே போஃபர்ட் கடல் கரையில் இன்னொரு பெரிய புயல். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரையில் யார் கேஜ் வைத்திருப்பார்கள்? சில வருஷம் கழித்து இரண்டு பேர் அந்தக் கரையில் போய், புயல் ஒதுக்கிவிட்டுப்போன மரக்கட்டைகளின் வரிசையை அளந்தார்கள். அந்தக் கரையில் மரமே முளைக்காது. தெற்கேயிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கடலில் விட்ட கட்டைகள் அவை, தண்ணீர் எட்டின உச்சியில் கோடு போட்டது போலக் கிடந்தன. சில இடங்களில் கடல்மட்டத்துக்கு மேல் 3.4 மீட்டர் உயரத்தில். புயல் தானே எழுதிவிட்டுப்போன கேஜ் நோட்டு அது. எங்கள் கொட்டகைச் சுவரில் இருந்ததும் அதேதான்.

ஐஸ் நிறைந்து இறுகிக் கிடந்தால் காற்றால் கடலைப் பிடித்துத் தள்ள முடியாது, ஐஸ் கவசம் மாதிரி. உடைந்து மிதக்கிற ஐஸ் அப்படியில்லை, அதன் கரடுமுரடான விளிம்புகளைக் காற்று பிடித்துத் தள்ளுவதால் சில நேரம் வெறும் தண்ணீரைவிட அதிகமாகவே ஏற்றம் வரும். முன்பெல்லாம் அக்டோபர் புயல் வரும்போது அநேகமாக ஐஸ் வந்துவிட்டிருக்கும். இப்போது கடல் திறந்து கிடக்கும் நாட்கள் நீண்டுவிட்டன, அதே புயல் திறந்த கடலில் அடிக்கிறது. 2022 செப்டம்பரில் மெர்போக் புயலின் மிச்சம் அலாஸ்காவின் மேற்குக் கரையைத் தாக்கியபோது நோம் ஊரில் 1974-க்குப் பிறகு முதல்முறையாக அந்த உயரத்தைத் தண்ணீர் தொட்டது.

கனடாவின் மெக்கன்சி ஆற்றுக்கும் ஒரு டெல்டா இருக்கிறது. தட்டையான நிலம், ஆயிரக்கணக்கான குளங்கள், ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் இடம். 1999 செப்டம்பரில் ஒரு புயல் கடல்நீரை அந்த டெல்டாவுக்குள் வெகுதூரம் ஏற்றிவிட்டது. 13,000 ஹெக்டேருக்கும் மேல் செடிகொடி செத்தது. பத்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தவர்களுக்கு மண்ணில் உப்பு இன்னும் இருந்தது, புதர்கள் திரும்பவில்லை. குளத்தடிச் சேற்றையும் புதர்களின் வளையங்களையும் ஆராய்ந்து, கடந்த 1000 ஆண்டுகளில் இப்படி ஒன்று அங்கே நடந்ததற்கு அடையாளம் இல்லை என்று சொன்னார்கள். உலகத்தின் அந்தப் பக்கமே என்றாலும், படத்தைப் பார்த்ததும் எனக்கு கஜாவுக்குப் பிந்தைய டிசம்பர் கண்முன் வந்தது. தென்னை சாய்ந்தது எல்லோருக்கும் தெரியும். கடல் வந்து நின்ற முல்லைத் தோட்டங்களில் செடிகள் நின்றபடியே கருகியதும், ஜிப்சம் போட்டு மழைக்காகக் காத்திருந்ததும் எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த இரவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அமாவாசை 7-ஆம் தேதி, பௌர்ணமி 23-ஆம் தேதி. கஜா கரையேறியது இரண்டுக்கும் நடுவே, அஷ்டமியை ஒட்டி. ஓதம் மிகச் சின்னதாக இருக்கிற நாட்கள் அவை. நாகப்பட்டினத்தில் ஏற்றவற்றம் எப்படியும் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் தட்டையான நிலத்தில் ஒரு சாண் கூடினால் தண்ணீர் இன்னும் எத்தனையோ வயலுக்குப் போகும். அதே புயல் ஒரு வாரம் தள்ளிப் பௌர்ணமியில் வந்திருந்தால் கொட்டகைக் கோடு எங்கே இருந்திருக்கும்? கோட்டின் உயரம் இருந்தால்தான் இந்தக் கணக்கையே போட முடியும்.

உயரம் என்றால் எதிலிருந்து உயரம் என்பதும் கேள்வி. ஹட்சன் விரிகுடாவில் சர்ச்சில் துறைமுகக் கேஜ் கடல் இறங்கிக்கொண்டே போவதாகக் காட்டும். உண்மையில் எழும்புவது நிலம், பழைய பனியுகத்துப் பாரம் போனதால் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு. டெல்டாக்களில் நேர் எதிர், படிந்த வண்டல் இறுகி இறுகிக் கீழே போகும், மேலே புது வண்டல் வந்து ஈடுகட்ட வேண்டும். மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு அந்த வண்டலில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே கொட்டகைத் தரையிலிருந்து அளந்து மட்டும் பிரயோஜனமில்லை, அசையாத ஒரு கல்லோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

சடங்கு முடிந்த மறுநாள் தம்பி தன் பழைய போனைத் தேடி எடுத்து வந்தான். நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க அப்போது எடுத்த போட்டோக்கள் அதில் இருந்தன. ஒன்றில் மேற்குச் சுவர், கோடு, அதற்கு மேலே மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. அந்தப் பெட்டி இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. பெட்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, போட்டோவில் பெட்டிக்கும் கோட்டுக்கும் உள்ள விகிதம் பார்த்து, நானும் அவனும் மாறி மாறி மூன்று தடவை கணக்குப் போட்டோம். தரையிலிருந்து 84, 86, 85 சென்டிமீட்டர் என்று வந்தது. 85 என்று வைத்து, உளியால் சுவரைக் கீறி, 16.11.2018 என்று எழுதி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தான் தம்பி. புது வெள்ளையில் கீறுவதற்கு அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அவளே விளக்குப் பிடித்தாள்.

பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினோம். விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பெஞ்ச்மார்க் கல் இருக்கு, அதோட சேர்க்கணும்" என்றார். கொட்டகைக்கும் பாலத்துக்கும் நானூறு மீட்டர் இருக்கும். கொத்தனாரிடம் தண்ணீர் ட்யூப் லெவல் இருக்கிறது, பத்துப் பத்து மீட்டராக நகர்த்திப் போகலாம், குச்சி அடித்துக்கொண்டே. காற்று இல்லாத நாளாக இருந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார். தை பிறந்ததும் போகிறோம்.